மருந்துக்கு முன்னால் பத்துக் கேள்விகள்
பெரியவர்களின் அனுபவத்தைப் பயிற்சிப் பாடமாக மாற்றும் வழி

‘மக்காச்சோளத்தில் குருத்து காய்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?’

கேள்வி-பதில் பகுதிக்கு இப்படி ஒரு வரியில் வரும் கடிதங்கள் ஏராளம். கேட்பவருக்கு அவசரம். பயிர் கண் முன்னால் கெடுகிறது, ஒரே வரியில் பதில் வேண்டும். ஆனால் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எவ்வளவு படித்த விஞ்ஞானியாலும் சரியான பதில் சொல்ல முடியாது.

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிக்கு வருகிறவர்கள் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்குத்தான் அதிகம் வருகிறார்கள். விளைந்த தானியத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவந்து கொடுப்பது சுற்றுவட்டார விவசாயிகளின் வழக்கம். அவர்களில் மக்காச்சோளம், பருத்தி, கடலை, எள் என்று மானாவாரியில் நாற்பது ஐம்பது வருடம் பாடுபட்ட பெரியவர்கள் உண்டு. அப்படி ஒருவர் குருத்து காய்ந்த வயலுக்குள் இறங்கினால், வரப்பைத் தாண்டிய ஐந்து நிமிடத்தில் காரணத்தைச் சொல்லிவிடுவார். ‘எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?’ என்று கேட்டால், ‘பாத்தா தெரியுதே!’ என்பார்.

இந்தப் ‘பாத்தா தெரியுதே’ என்ற சொல்லுக்குள்தான் நாற்பது வருட அறிவு ஒளிந்திருக்கிறது. தானியத்தைச் சேர்த்து வைக்கக் குதிர் உண்டு. இந்த அறிவைச் சேர்த்து வைக்க இடம் இல்லை. பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். பெரியவர் போனால் அவரோடு அதுவும் போய்விடுகிறது. அதைப் பிடித்து வைப்பது எப்படி, புதிதாக விவசாயத்துக்கு வருகிறவருக்குப் பழக்கிக் கொடுப்பது எப்படி என்பதை உலகில் பல இடங்களில் ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் நம் ஊருக்கு எடுத்துக்கொள்ளக் கூடியது நிறைய இருக்கிறது.

ஒரே அறிகுறி, பல காரணம்

முதலில் அந்தப் பெரியவர் வயலில் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். பயிருக்கு எத்தனை நாள் வயது என்பதை உயரத்தை வைத்தே கணித்துவிடுகிறார். காய்ந்த குருத்தை இழுக்கிறார். இளம் பயிரில் லேசாக இழுத்ததும் கையோடு வந்து, அடிப்பகுதி அழுகி நாற்றம் அடித்தால் குருத்து ஈ. விரிந்த இலையில் குறுக்காக வரிசையாய்ச் சிறு துளைகள் இருந்து, தண்டிலும் துளை தெரிந்தால் தண்டுத்துளைப்பான். இலையைச் சுரண்டியதுபோல வெள்ளைத் திட்டுகளும் கிழிந்த ஓட்டைகளும் இருந்து, குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சம் அடைத்துக் கிடந்தால் படைப்புழு. குருத்து காயாமல் வெளுத்து மட்டும் இருந்தால் அது பூச்சியே அல்ல, துத்தநாகப் பற்றாக்குறையாக இருக்கலாம். காலையில் நிமிர்ந்து நின்று மதியம் மட்டும் வாடினால் அது தண்ணீர்க் குறை.

ஐந்து காரணத்துக்கும் வைத்தியம் வேறு வேறு. கடைசி இரண்டுக்கும் பூச்சிமருந்தே தேவையில்லை. ஆனால் ‘குருத்து காயுது’ என்று சொல்லிக் கடையில் நின்றால், அவசரத்தில் கைக்கு வருவது ஏதோ ஒரு பூச்சிமருந்து டப்பாதான்.

பெரியவரிடம் இருக்கும் பெரிய சொத்து பதில் அல்ல, பார்க்கும் வரிசை. எதை முதலில் பார்ப்பது, எதைத் தொட்டுப் பார்ப்பது, எதைக் கேட்டபிறகு எதை ஒதுக்குவது என்ற அந்த வரிசையைத்தான் நாம் பிடிக்க வேண்டும்.

சொன்னது 72, செய்தது 97

கணினிக்குள் நிபுணரின் அறிவை ஏற்றும் வேலை 1960-களிலேயே அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. இப்படி உருவாகும் மென்பொருளுக்கு ‘வல்லுநர் அமைப்பு’ என்று பெயர். நிபுணரை உட்கார வைத்து, ‘இந்த அறிகுறி இருந்தால் இந்த நோய்’ என்று விதி விதியாகச் சொல்லச் சொல்லிக் கணினியில் எழுதினார்கள். இதில் பெரிய சிக்கல் நிபுணரின் வாயிலிருந்து விதியை வாங்குவதுதான் என்பது சீக்கிரமே தெரிந்துபோனது.

இதை வேளாண்மையிலேயே சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மிகால்ஸ்கி என்ற கணினி விஞ்ஞானியும் அவரது குழுவினரும் சோயா மொச்சை நோய்களை எடுத்துக்கொண்டார்கள். பயிர் நோய் நிபுணர் ஒருவர் வாயால் சொன்ன விதிகளை ஒரு பக்கம் எழுதினார்கள். மறுபக்கம், அதே நிபுணர் நோய் கண்டுபிடித்த ஏறக்குறைய 300 செடிகளின் விவரங்களைக் கணினியிடம் கொடுத்து, ‘நீயே விதியைக் கண்டுபிடி’ என்று விட்டார்கள். பிறகு புதிய செடிகளை வைத்து இரண்டையும் சோதித்தார்கள். 1980-ல் வெளியான முடிவு பலரையும் வியக்க வைத்தது. நிபுணர் வாயால் சொன்ன விதிகள் 100-க்குச் சுமார் 72 செடிகளில்தான் சரியாக இருந்தன. அவர் கண்ட செடிகளிலிருந்து எடுத்த விதிகள் 97-க்கு மேல் சரியாக இருந்தன.

இதற்கு ‘கணினி மனிதனை வென்றது’ என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாவது விதிகளும் அந்த நிபுணரின் கண் பார்த்துச் சொன்ன முடிவுகளிலிருந்து வந்தவையே. அவர் செய்தது, அவர் சொன்னதைவிடச் சரியாக இருந்தது. அவ்வளவுதான். கை அறிந்ததை வாய் முழுதாகச் சொல்லவில்லை. நம் ஊர்ப் பெரியவர் கதையும் இதேதான். ‘மக்காச்சோளம் எப்படி வளர்க்க வேண்டும்?’ என்று பொதுவாகக் கேட்டால், எல்லாருக்கும் தெரிந்த நாலு வார்த்தையைச் சொல்லி முடித்துவிடுவார். வயலில் இறங்கச் சொன்னால்தான் வித்தை வெளியே வரும்.

‘ஏதோ மனசுக்குப் பட்டுச்சு’

கேரி கிளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் தீயணைப்பு அதிகாரிகள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். ஓர் அதிகாரி சொன்ன சம்பவம் புகழ்பெற்றது. ஒரு வீட்டின் பின்பக்கம் சமையலறையில் தீ. தண்ணீர் பீய்ச்சியும் தணியவில்லை. அதிகாரி திடீரென்று எல்லாரையும் வெளியே வரச் சொன்னார். வந்த சற்று நேரத்தில் அவர்கள் நின்றிருந்த தரை இடிந்து விழுந்தது. தீ உண்மையில் கீழே நிலவறையில் எரிந்துகொண்டிருந்தது. ‘ஏதோ ஓர் உள்ளுணர்வு’ என்றுதான் அவர் நம்பியிருந்தார்.

கிளைன் துருவித் துருவிக் கேட்டபோது காரணம் வந்தது. சின்னத் தீக்கு அந்த அறையில் இருந்த சூடு அதிகம். அவ்வளவு சூட்டுக்குச் சத்தம் குறைவு. தண்ணீருக்கும் தீ கட்டுப்படவில்லை. வழக்கத்துக்கு மாறான இந்த மூன்றையும் அவர் உடம்பு கவனித்திருந்தது, வாய்க்குத்தான் தெரியவில்லை.

அதனால், ‘உங்கள் முறை என்ன?’ என்று பொதுவாகக் கேட்பதை விட்டு, நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துக் கிளறும் முறையைக் கிளைன் வகுத்தார். அன்று முதலில் எதைப் பார்த்தீர்கள்? எது வழக்கத்துக்கு மாறாக இருந்தது? வேறு என்ன செய்ய நினைத்தீர்கள், ஏன் விட்டீர்கள்? அந்த இடத்தில் புது ஆள் இருந்திருந்தால் எங்கே தவறியிருப்பார்?

இந்தக் கேள்விகளைக் கடலை காயவைக்கும் ஓர் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். மூட்டை கட்டும் பதம் எப்படித் தெரியும் என்றால் முதலில் சிரிப்பார். பிறகு, ஒரு கைப்பிடி அள்ளிக் காதருகே குலுக்குவார். நன்றாகக் காய்ந்த காயில் பருப்பு கலகலவென்று ஆடும். ஈரம் இருந்தால் சத்தம் மந்தமாக இருக்கும். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சணம் பிடித்து, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும். எந்தப் புகைப்படத்திலும் வராத அறிவு இது. விதை எடுப்பது, சேமிப்பது, ஆடு மாடு பார்ப்பது ஆகியவற்றில் இப்படிப்பட்ட அறிவு பெரும்பாலும் பெண்களிடம்தான் இருக்கிறது. அவர்களிடம் போய்க் கேட்பவர்தான் குறைவு.

கணினிக்குள் ஒரு விவசாயி

இப்படித் திரட்டிய அறிவைப் புத்தகமாகப் போட்டால் படிப்பவர் குறைவு. பழக்கமாக மாற வேண்டுமானால் செய்து பார்க்க வேண்டும். அதற்குத்தான் பாவனைப் பயிற்சி. விமானம் ஓட்டப் பழகுகிறவர் முதலில் தரையில் உள்ள பொய் விமானத்தில் பழகுவதுபோல, பயிர் மருத்துவம் பழகுகிறவர் முதலில் கணினிக்குள் இருக்கும் வயலில் பழகுகிறார்.

நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழகம் இப்படி ஒரு மென்பொருளை மாணவர்களுக்கு உருவாக்கியது. திரையில் ஒரு வயலும் ஒரு பிரச்சினையும் வரும். மாணவர் இலையைப் பார்க்கலாம், வேரைத் தோண்டலாம், விவசாயியைக் கேட்கலாம், ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம். கடைசியில் நோயின் பெயரைச் சொல்லி வைத்தியமும் எழுத வேண்டும். கேபி என்ற பன்னாட்டு வேளாண் அமைப்பு, பயிர் மருத்துவர்களுக்குக் கைப்பேசி விளையாட்டு வடிவிலேயே பயிற்சி தந்திருக்கிறது. அதில் நோயுற்ற செடியோடு விவசாயிகள் வந்து நிற்பார்கள்.

இந்தத் திரை விவசாயியைப் போன்ற பாத்திரத்தைத்தான் ‘மென்பொருள் முகவர்’ என்கிறார்கள். தெருக்கூத்தில் வேடம் கட்டியவர் மாதிரி, அது தன் பாத்திரத்துக்குள் நின்று பேசும். கேட்டால்தான் சொல்லும், கேட்காததைச் சொல்லாது. பேச்சு இப்படி இருக்கும்:

‘மக்காச்சோளத்துல குருத்து காயுதுங்க. ஒரு மருந்து வாங்கி அடிச்சிடட்டுமா?’

‘பொறுங்க. விதைச்சு எத்தனை நாளாச்சு?’

‘இருபது நாளுங்க.’

‘காஞ்ச குருத்தை இழுத்துப் பாத்தீங்களா?’

‘லேசா இழுத்தாலே கையோட வருதுங்க.’

‘அடியில மோந்து பாத்தீங்களா?’

‘அழுகுன வாடை அடிக்குதுங்க.’

குருத்து ஈ என்பது இப்போது தெரிந்துவிட்டது. காய்ந்த குருத்தை எந்த மருந்தும் பச்சையாக்காது. பாதித்த செடிகளைக் களைத்துவிட்டு, அடுத்த பருவத்தில் காலத்தோடு விதைப்பதும் விதை நேர்த்தி செய்வதும்தான் வழி. ‘அடிச்சிடுங்க’ என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தால், திரையில் ஒரு தெளிப்புச் செலவு கணக்கில் ஏறியிருக்கும். பயிர் அப்படியே இருந்திருக்கும்.

நம் நாட்டிலும் இதற்கான அடித்தளம் இருக்கிறது. நெல், கரும்பு, கேழ்வரகு, தென்னை, வாழை, கறவை மாடு ஆகியவற்றுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் வல்லுநர் அமைப்பு தமிழிலேயே கிடைக்கிறது. புதுடெல்லியில் உள்ள இந்திய வேளாண் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனம் ‘அக்ரிதக்ஷ்’ என்ற கருவியைத் தந்திருக்கிறது. பயிர் விஞ்ஞானிகள் கணினி மொழி தெரியாமலே அதில் தங்கள் அறிவைப் பதிய முடியும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2012 முதல் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பயிர் மருத்துவ முகாம்களை நடத்தியது. விவசாயிகள் நோயுற்ற செடியைக் கையோடு கொண்டுவந்து காட்டி, எழுத்தில் பரிந்துரை வாங்கிப் போனார்கள்.

தவறு செய்ய ஓர் இடம்

2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த பலர் நஞ்சேறி இறந்தார்கள். அதே ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்து தெளித்தவர்கள் இறந்த செய்தி வந்தது. செடி நெஞ்சு உயரம் வளர்ந்த வயலில், முகத்தை மூடாமல், காற்றுக்கு எதிரே நின்று தெளித்தால் மருந்து செடியோடு ஆளையும் நனைக்கும். அனுபவசாலி கைப்பிடி மண்ணைத் தூவிக் காற்றின் திசை பார்த்தபிறகுதான் விசைத்தெளிப்பானைத் தோளில் மாட்டுவார். புது ஆளுக்கு அது தெரியாது. உண்மை வயலில் தவறு செய்து கற்றுக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு கிடைக்காமல் போகலாம். பாவனை வயலில் பத்து முறை தவறலாம், பதினோராவது முறை திருந்தலாம்.

கணினி இல்லாமலும் முடியும்

பாவனைப் பயிற்சிக்குக் கணினி கட்டாயம் அல்ல. நெல்லில் புகையான் தாக்குதலால் அவதிப்பட்ட இந்தோனேசியாவில் 1989-ல் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. விவசாயிகள் கொசுவலைக் கூண்டுக்குள் செடியையும் பூச்சியையும் சிலந்தியையும் விட்டு, யார் யாரைத் தின்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தார்கள். பூச்சி தின்றதுபோலத் தாங்களே கத்தரிக்கோலால் இலைகளை வெட்டிவிட்டு, அறுவடையில் மகசூல் குறைகிறதா என்று அளந்தார்கள். இளம் நெற்பயிர் இழந்த இலையை ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும் என்பதை எந்தப் பிரசங்கமும் இல்லாமல் புரிந்துகொண்டார்கள். இங்கே அட்மா திட்டத்தில் நடக்கும் பண்ணைப் பள்ளிகளிலும் இவற்றைச் செய்து பார்க்கலாம்.

உங்கள் ஊரில் செய்யும் முறை

ஒரு பெரியவர், ஒரு கைப்பேசி, கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளை இருந்தால் போதும்.

1. ஒரு பயிர், ஒரு பிரச்சினை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘விவசாயம் பற்றிச் சொல்லுங்க’ என்று கேட்காதீர்கள்.

2. திண்ணையில் உட்கார வைத்துக் கேட்பதைவிட வயலுக்குக் கூட்டிப் போங்கள். அவர் அனுமதியோடு குரலைப் பதிவு செய்யுங்கள். பார்ப்பதை எல்லாம் பார்க்கும்போதே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

3. அவர் மறக்காத ஒரு வருடத்தைக் கேளுங்கள். முதலில் கண்ணில் பட்டது எது, எதைப் பார்த்து முடிவை மாற்றினார், புது ஆள் எங்கே ஏமாறுவார் என்று துருவுங்கள்.

4. வயல் முழுதும், ஒரு செடி, பாதித்த பகுதி என மூன்று படம் எடுங்கள். தேதியும் பயிரின் வயதும் குறியுங்கள்.

5. அவர் சொன்ன முடிவை வேளாண் அலுவலகத்திலோ வேளாண் அறிவியல் மையத்திலோ காட்டிச் சரிபாருங்கள். அரியலூர் மாவட்டத்துக்குச் சோழமாதேவியிலும், பெரம்பலூர் மாவட்டத்துக்கு வாலிகண்டபுரத்திலும் மையங்கள் இருக்கின்றன.

6. சரிபார்த்ததைச் சீட்டுகளாக எழுதுங்கள். முதல் சீட்டில் புகார் மட்டும் இருக்கட்டும். ஒருவர் விவசாயியாக இருந்து, கேட்டதற்கு மட்டும் சீட்டைப் பார்த்துப் பதில் சொல்லட்டும். மற்றவர் கேள்வி கேட்டுக் காரணத்தைக் கண்டுபிடிக்கட்டும். தவறான மருந்துக்கு ஒரு தெளிப்புச் செலவை அபராதமாக எழுதுங்கள். முடிந்ததும் பெரியவர் கேட்ட வரிசையோடு ஒப்பிடுங்கள்.

இருபது சீட்டு சேர்ந்தால், கணினி படித்த பிள்ளை அதைக் கைப்பேசிப் பயிற்சியாகவே மாற்றிவிடும். பெரியவரின் பெயரை அதில் மறக்காமல் போடுங்கள்.

பெரியவருக்கும் தெரியாதது உண்டு

2018-ல் படைப்புழு இந்தியாவுக்குள் புதிதாக நுழைந்தது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மக்காச்சோளம் அந்தப் பருவத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அந்தப் புழுவை அதுவரை யாரும் பார்த்ததில்லை. தலையில் தலைகீழான ஆங்கில ‘ஒய்’ எழுத்து, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளி என்று விஞ்ஞானிகள் அடையாளம் சொன்னபிறகே தெரிந்தது. ஆனால் குருத்தைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தவர்கள் புழு சிறிதாக இருக்கும்போதே கண்டார்கள். பெரிதாகிக் குருத்தின் அடியில் புகுந்துவிட்டால் மருந்து அதை எட்டாது. பெயர் புதிதானாலும் பார்க்கும் வரிசை கைகொடுத்தது. அனுபவமும் ஆராய்ச்சியும் ஒன்றுக்கொன்று துணை.

இதே எச்சரிக்கை கைப்பேசிக்கும் பொருந்தும். படத்தைப் பார்த்துப் பூச்சியை அடையாளம் காணும் தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பை மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. தெரியாததையும் தெரிந்ததுபோலத் தயங்காமல் சொல்லிவிடுவது அவற்றின் குணம். திருப்பிக் கேள்வி கேட்காமல் மருந்தின் பெயரைச் சொல்லும் எதையும், அது ஆளானாலும் கருவியானாலும், உடனே நம்ப வேண்டாம். மருந்தின் அளவை டப்பாவின் மேல் ஒட்டிய விவரத்தைப் பார்த்தும், வேளாண் அலுவலரைக் கேட்டும் உறுதி செய்யுங்கள்.

கேள்வி கேட்கும் முன் குறித்து வையுங்கள்

1. என்ன பயிர், என்ன ரகம்?
2. விதைத்து எத்தனை நாள்?
3. இறவையா, மானாவாரியா? கடைசி மழை அல்லது பாசனம் எப்போது?
4. பிரச்சினை முதலில் தெரிந்தது என்றைக்கு?
5. வயல் முழுக்கவா, திட்டுத்திட்டாகவா, வரப்போரமாகவா?
6. பாதித்தது இளம் இலையா, அடி இலையா? (அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்பு மண்ணில் கடலையின் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. அடி இலை மஞ்சளானால் காரணம் வேறு.)
7. குருத்தை இழுத்து, தண்டைப் பிளந்து, வேரைப் பிடுங்கிப் பார்த்ததில் தெரிந்தது என்ன?
8. முட்டை, புழு, எச்சம் உண்டா? சிலந்தி, பொறிவண்டு போன்ற நன்மை செய்வன உண்டா?
9. ஆங்கில ‘டபிள்யூ’ எழுத்துப்போல வயலில் நடந்து, ஐந்து இடத்தில் பத்துப் பத்துச் செடி பார்த்தால், ஐம்பதில் எத்தனை பாதித்தவை?
10. இதுவரை இட்ட உரம், அடித்த மருந்து, அளவு, தேதி?

இந்தப் பத்தும் கையில் இருந்தால், கட்டணமில்லாத உழவர் அழைப்பு மையத்தில் (1800 180 1551) தமிழிலேயே கேட்டாலும், இந்த இதழுக்கு எழுதினாலும் பதில் உருப்படியாகக் கிடைக்கும். பல நேரங்களில் பத்தாவது கேள்விக்கு வருவதற்குள் பதில் உங்களுக்கே தெரிந்துவிடும்.